பச்சக்கடை ஸ்டாப்

இன்றைக்கு நம் ஊருக்கு முன்னாலேயே, மூலக்குளத்தில் இறங்கித் தொலைத்தேன். பாண்டிச்சேரியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் வழக்கம்போலத் தூக்கம். கண் விழித்தால் ஜன்னலுக்கு வெளியே சிவப்பு போர்டு, வெண்ணெய் பிஸ்கட் வாசனை. வில்லியனூர் வந்துவிட்டது, உன் கடை வாசல்தான் என்று பையோடு குதித்தேன். பஸ் போன பிறகுதான் தெரிந்தது, அது வேறு ஊர், வேறு கடை என்று. அதே போர்டு, அதே கண்ணாடி, வாசலில் அதே பிளாஸ்டிக் செடி. வந்த ஆத்திரத்தை யாரிடம் காட்டுவது? உன்னிடம்தான் காட்ட வேண்டும்.

நீ பேக்கரி திறந்தபோது கட்டடம் முழுக்கக் கிளிப்பச்சை அடித்தாய். பக்கத்தில் இரும்புக்கடை வைத்திருந்த நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"இன்னாடா கலரு இது, கண்ணு கூசுது!"

"தூங்குமூஞ்சி, உனக்குத்தான்டா. பஸ்ல கண்ண தொறந்தா நம்ம ஊரு தெரியணும்ல?"

அப்புறம் கண்டக்டர்களே "பச்சக்கடை எல்லாம் எறங்கு" என்று கூவத் தொடங்கினார்கள். உனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று எல்லோருக்கும் ஓசியில் பன் கொடுத்தாய்.

நீ செத்துப்போன மறு வருஷமே உன் மகன் கடையை அந்தச் சிவப்பு போர்டு பேக்கரிக் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டான். சண்டைக்குப் போனேன். "மாமா, பெங்களூர் வேலைய வுட்டுட்டு நான் வந்து பன்னு போட முடியுமா?" என்றான். முடியாதுதான். ஆனாலும் வயிறு எரிந்தது. எதிரே மருந்துக்கடை, செல்போன் கடை எல்லாம் விழுப்புரத்தில் பார்த்தது மாதிரியேதான் இருக்கின்றன. கோயில் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தால்தான் நம் ஊர் என்று தெரிகிறது.

இப்போது என் கடையையும் கேட்கிறார்கள். நடுச்சுவரை இடித்துப் பெரிதாக்க வேண்டுமாம். எனக்கு முட்டிவலி, வியாபாரமும் மந்தம். "குடுத்துட்டு வூட்ல குந்தேன்யா" என்கிறாள் என் மனைவி. பாதி மனசு எனக்கும் இருந்தது.

மூலக்குளத்திலிருந்து வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தால், அந்தக் கம்பெனி மேனேஜர் காத்திருந்தார்.

"முடிவு பண்ணீங்களா சார்?"

"தர மாட்டேன்பா."

"ஏன் சார்? நல்ல ஆஃபர்."

"நான் பஸ்ல தூங்குறவன்பா."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

இரும்புக்கடையில் பெயிண்டுக்கா பஞ்சம்? ஷட்டரை இறக்கி, நானே பிரஷ்ஷை எடுத்து அடித்தேன். சாப்பாடு கொண்டுவந்த மனைவி தெருவிலேயே நின்றுவிட்டாள்.

"அய்யய்யோ, இன்னாய்யா கலரு இது, கண்ணு கூசுது!"

"எனக்குத்தான்டி," என்றேன். "எறங்கணும்ல?"