ஆன்டெனாவுக்கு ஒன்றும் ஆகவில்லை

சிங்காநல்லூர்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள தமிழ்ச்செல்வன் அண்ணனுக்கு,

மெர்சி எழுதுவது. நலமா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை. போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. ஒடிசா முகவரியை ஜெயக்கொடி அண்ணியிடம் கேட்டு வாங்கினேன். பாவம், உங்கள் மனைவி என் முகத்தைப் பார்க்கவே கூசினார்.

உங்கள் நண்பர் வின்ஸ்டன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். இடுப்புக்குக் கீழே இன்னும் உணர்வு இல்லை. திருப்பிப் படுக்கவைக்க நானும் டீனாவும் சேர்ந்தால்தான் முடிகிறது. பிளஸ் டூ படிக்கிற பெண், அப்பாவுக்கு முதுகு துடைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள்.

கம்பெனியில் விசாரித்தார்களாம். வின்ஸ்டனை யாரும் வண்டிமேல் ஏறச் சொல்லவில்லை, அவராகவே அவசரப்பட்டு ஏறினார் என்று நீங்கள் சொன்னீர்களாம். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவசரப்படுகிற மனுஷனா அவர்? அடுப்பில் பால் பொங்கினால்கூட நடந்துதானே வருவார்!

பொள்ளாச்சி ரோடு வேலையில் நடந்தது உங்களுக்குத் தெரியாததா? திருட்டுக்குப் பயந்து, எங்கே எவ்வளவு ஆழம் தோண்டுவது என்று காட்ட பொக்லைன் மேலிருக்கும் ஜிபிஎஸ் ஆன்டெனாக்களைத் தினமும் சாயங்காலம் கழற்றி, காலையில் திரும்ப மாட்ட வேண்டும். இவர் நல்ல ஏணி ஒன்று கேட்டார். ஆன்டெனாவைப் பையில் போட்டு மேலே இழுத்துக்கொள்ள ஒரு கயிறாவது கேட்டார். சசிதர் இன்ஜினியர், “கயித்துல ஆடி எங்காச்சும் மோதிப்போடுமுங்க. கையிலயே புடிச்சுட்டு ஏறுங்க. உங்களைவிட அது வெலை ஜாஸ்திங்க” என்று சிரித்தாராம். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள் என்று இவர்தான் அன்றைக்கு வந்து சொன்னார், கோபமே இல்லாமல்.

இவர் விழுந்தது மழை பெய்த மறுநாள். கால் வழுக்கியபோது ஆன்டெனாவை விட்டிருந்தால் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருப்பார். விடவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தார். ஓடி வந்த இன்ஜினியர் முதலில் அதைத்தான் வாங்கித் துடைத்துப் பார்த்தாராம். வண்டியின் கேபினில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்த நீங்கள்தான் ஆஸ்பத்திரியில் இதைச் சொன்னீர்கள். “அம்மணி, எங்க வேணாலும் வந்து சொல்றேனுங்க” என்று அழுதீர்கள். அடுத்த வாரமே உங்களை சூப்பர்வைசராக்கி ஒடிசாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். என் கையால் எத்தனை நாள் சாப்பிட்டிருப்பீர்கள்! வயிறு எரிகிறது அண்ணா.

வரும் புதன் விட்டு அடுத்த புதன்கிழமை தொழிலாளர் ஆபீசர் விசாரிக்கிறார். நீங்கள் நேரில் வந்து நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும். இல்லாவிட்டால் தன் தப்பால்தான் விழுந்தார் என்று முடித்துவிடுவார்கள். வைத்தியத்துக்கும் கம்பெனி கையை விரித்துவிடும்.

நான் எழுதுவது இவருக்குப் பிடிக்கவில்லை. “செல்வனுக்கும் புள்ளைங்க இருக்குது, உட்ரு மெர்சி” என்கிறார். உங்களை மன்னித்துவிட்டாராம். என்னால் முடியவில்லை.

நேற்று இவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். அங்கே ஒடிசாவில் ஆன்டெனா மாட்ட யார் ஏறுகிறார், அந்த ஆளுக்காவது கயிறு கொடுத்தார்களா என்று. எனக்கு என்ன தெரியும்? இப்போது ஏறச் சொல்வது நீங்கள்தானே.

அந்தப் புதன்கிழமை வாருங்கள் அண்ணா. உங்கள் பிள்ளைகளின் தகப்பனை ஆண்டவர் முழு உடம்போடு வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
மெர்சி வின்ஸ்டன்