பிரம்மதேசத்து அக்கா போட்ட லிங்க்

கார்த்திகை 9, செவ்வாய். திண்டிவனம்.

தூக்கம் பிடிக்கவில்லை. நான் இணையத்தில் நடத்தும் மல்லாட்டை (நிலக்கடலை) விவசாயிகள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஆரோக்கியமேரி அக்கா காலையில் பிரம்மதேசத்திலிருந்து போன் செய்தார். கமெண்டில் லிங்க் போடத் தெரியவில்லையாம். அழுத்திப் பிடித்து, காப்பி செய்து, ஒட்டுவதுவரை பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தேன்.

புதியவர்கள் போடும் லிங்க் நான் அனுமதித்தால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். திறந்து பார்த்தேன். ஒரு வேளாண் அதிகாரியின் வீடியோ. விதையில் மருந்து கலந்த கையோடு விதைக்கலாம் என்று போன வாரம் நான் எழுதியது தவறு. நிழலில் உலர்த்த வேண்டுமாம். அதை என் பதிவுக்குக் கீழேயே ஒட்டியிருந்தார். அனுமதிக்காமல் விட்டுவிட்டேன்.

சாயங்காலம் மறுபடி அழைத்தார்.

"தம்பி, நான் போட்டது வர்லியே. எங்கனா தப்பு பண்ணிக்கினு இருக்கேனா?"

"ஆமாக்கா, சரியா ஒட்டல போல. இன்னொரு வாட்டி போட்டுப் பாருங்க" என்றேன். வாய் கூசவில்லை.

நாளை விதைக்கப்போவதாக அனந்தபுரத்துக்காரர் ஒருவர் என் பதிவின் கீழ் எழுதியிருக்கிறார். இப்போது பார்த்தால் அக்காவின் அதே லிங்க் ஆறு முறை என் அனுமதிக்குக் காத்திருக்கிறது. ஆறும் சரியாகத்தான் ஒட்டப்பட்டிருக்கின்றன. ஆறாவதன் கீழே அக்கா எழுதியிருக்கிறார்: "மன்னிச்சிக்குங்க, இப்பதான் கத்துக்கினு வர்றேன்."