காப்பீடு என்ற ஒரு சொல்

திருவள்ளுவராண்டு 2057, தை 9

கடத்தூரில் சாலைப் பாதுகாப்புக் கூட்டம். தொண்டை கட்டும்வரை முழங்கினேன். "பதினெட்டு நிரம்பாத பிள்ளையின் கையில் வண்டித் திறவுகோலைத் திணிக்கும் தந்தையைச் சிறையில் தள்ளுங்கள்! அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து அகவை வரை ஓட்டுநர் உரிமம் இல்லை என்கிறது சட்டம். சரியான சட்டம்!" கைதட்டல் ஓயவில்லை. காவல் ஆய்வாளரே எழுந்து வந்து கைகுலுக்கினார்.

நம் ஈருருளி வண்டிக்கு இம்மாதத்தோடு காப்பீடு முடிகிறது. மைத்துனன் தீர்த்தகிரியிடம், "காப்பீட்டைப் புதுப்பித்து வா" என்றேன். "அதுக்கு ரேசன் கார்டு வேணுங்களே மாமா?" என்றான். "குடும்ப அட்டை என்று சொல்லடா!" எத்தனை முறை திருத்தினாலும் இவன் நாவில் தமிழ் நிற்பதில்லை.

தை 15

"காப்பீடு வேலை முடிஞ்சுதுங்க மாமா. அக்காகிட்ட குடுத்துட்டேன்."

இந்த ஒரு சொல்லையாவது தமிழில் சொன்னானே.

மாசி 4

சேலத்தில் மேடை. மொரப்பூர்ப் பேருந்து போய்விட்டது, தொடர்வண்டி காத்திருக்குமா? எனக்கு ஓட்டத் தெரியாது. ஓட்டும் தீர்த்தகிரியோ வயலில். மகள் வெண்மதிக்குப் பதினேழு. பழகியவள்தானே என்று திறவுகோலை நானே அவள் கையில் கொடுத்தேன்.

சேலத்தில் இறங்கும்போதே அழைப்பு. என்னை நிலையத்தில் விட்டுத் திரும்புகையில், கீரைக் கூடையோடு சாலையைக் கடந்த சென்னம்மாள் மீது மோதிவிட்டாளாம். அந்த அம்மையாருக்குக் கால் முறிவு. இவளுக்குச் சிராய்ப்பு. மேடை ஏறாமல் திரும்பினேன்.

ஏன் குடுத்தேன்? ஒரு கூட்டம் போனா குடியா முழுகிடும்?

மாசி 5

காவல் நிலையம். அதே ஆய்வாளர். "வண்டிக்கு இன்சூரன்சு இருக்குங்களா ஐயா?"

"காப்பீடு உண்டு" என்று நிமிர்ந்து சொல்லி, மனைவி தந்த உறையை மேசைமேல் வைத்தேன். பிரித்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இது ஆசுபத்திரிக்குங்க. மருத்துவக் காப்பீட்டு அட்டை. வண்டிக்கு எங்கீங்க?"

வெளியே தீர்த்தகிரி வெடித்தான். "நீங்க காப்பீடுன்னுதான மாமா சொன்னீங்க? ஊருல காப்பீடுன்னா ஆசுபத்திரி அட்டைதான். இன்சூரன்சுன்னு ஒருக்கா வாயத் தொறந்து சொல்லியிருந்தா ஆகாதா? ரேசன் கார்டு வேணுமான்னு கேட்டனே, அப்பவாச்சும்…"

கேட்டான். நான் சொல்லைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

அந்த அட்டை என் வீட்டாருக்குச் செல்லும். சென்னம்மாளின் காலுக்குச் செல்லாது. அவருக்கான இழப்பீடு முழுவதும் இனி என் தலைமேல்.

மாசி 9

கட்சி வழக்குரைஞர் மாதவராஜ் வந்தார். "எனக்குத் தெரியாம புள்ள சாவிய எடுத்துட்டுப் போயிருச்சுன்னு மட்டும் சொல்லுங்கண்ணா. சட்டத்துலயே எடம் இருக்கு. நீங்க உள்ள போக வேண்டியதில்ல."

கதவருகே வெண்மதி நின்றிருந்தாள். நான் மறுத்துப் பேசவில்லை. மேசைவிரிப்பின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவள் அங்கில்லை.

ஊரையே எழுப்பும் வாயாம் எனக்கு. த்தூ!

மாசி 12

கடத்தூர் முழக்கம் கைப்பேசிதோறும் சுற்றுகிறது. தேநீர்க் கடையில் ஒருவன் என் குரலிலேயே, "தந்தையைச் சிறையில் தள்ளுங்கள்!" என்று கத்தினான். இன்னொருவன், "ஐயா, பெட்டி கட்டியாச்சுங்களா?" என்றான். கைதட்டினார்கள். கடத்தூரில் தட்டியதைவிட நன்றாகவே.

மாசி 21

வெண்மதி இன்றும் பேசவில்லை.

பங்குனி 6

வழக்குமன்றம். வண்டி எப்படி மகள் கைக்குப் போனது என்று நடுவர் வினவினார். மாதவராஜ் என் சட்டைக் கையை இழுத்தார்.

"சாவிய நாந்தாங்க குடுத்தேன்" என்றேன். வாழ்நாளில் நான் பேசிய மிகச் சிறிய பேச்சு. யாரும் கைதட்டவில்லை. மாதவராஜ் கோப்பை மூடிவிட்டு வெளியே போய்விட்டார். சித்திரையில் தீர்ப்பு.

திரும்புகையில் பேருந்தில் இருக்கைகள் பல காலியாக இருந்தன. வெண்மதி வந்து என் அருகில் அமர்ந்தாள். சன்னலைப் பார்த்தபடியே, "இருபத்தஞ்சு வயசு வரைக்கும் பஸ்ஸுதாம்ப்பா" என்றாள்.

திருத்தவில்லை.