பந்துதான் பட்டது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. இங்கே உன் அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான், மாடி ஏறுவதை நிறுத்திவிட்டாள், மற்றபடி நலம். எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் அண்ணனை மட்டும் இந்த வரியில் சேர்க்க முடியவில்லை, அவனைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நீ கூப்பிடும்போதெல்லாம் அவன் வந்து என் நாற்காலிக் கையில் உட்கார்ந்துகொள்கிறான், உன் குரல் கேட்டாலே அவனுக்கு முகம் மலர்ந்துவிடுகிறது, அவனை வைத்துக்கொண்டே அவனைப் பற்றி எப்படிப் பேசுவது. இந்தக் கடிதத்தை உன் அம்மா போட்டோ எடுத்து இன்றைக்கே உனக்கு அனுப்பிவிடுவாள். காகிதம் தபாலில் மெதுவாக வரட்டும்.

சின்னப் பெண்ணாக இருந்தபோது நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை. ஃபுட்பால் மைதானத்துச் சிமெண்ட் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். கார்னரிலிருந்து வந்த பந்துக்கு உன் அண்ணனும் எதிர் அணிக்காரன் ஒருவனும் ஒன்றாக எம்பினார்கள். தலையும் தலையும் மோதிய சத்தம் படி வரைக்கும் கேட்டது. இவன் விழுந்தான். கொஞ்ச நேரத்தில் எழுந்து ஒற்றைக் கையைத் தூக்கி 'ஒண்ணுமில்ல' என்று காட்டினான், உடனே ஒரே கைதட்டல். நீ என் சட்டையை இழுத்து, "அப்பா, அண்ணன் எழுந்ததுக்கு எதுக்கு எல்லாரும் தட்டறாங்க?" என்றாய். வலியைத் தாங்கிக்கொண்டதற்கு என்றேன். "அப்ப எழுந்திருக்காம படுத்திருந்தா தட்ட மாட்டாங்களா?" என்று அடுத்த கேள்வி போட்டாய். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ வருஷம் பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சொன்னவன், அன்றைக்கு ஆட்டத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன். இந்த ஒரு மாதமாக அந்தக் கேள்விதான் என்னைச் சுற்றிச் சுற்றி வருகிறது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன் கண்ணு, விளையாட்டைத் திட்டுவதற்காக நான் உட்காரவில்லை. உன் அண்ணனுக்கு அது செய்த நல்லதை நான் மறுத்தால் என் நாக்கு அழுகிவிடும். சின்ன வயதில் அவனுக்கு எப்படித் திக்கும் என்று உன் அம்மாவைக் கேள். வகுப்பில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்று சொல்வதற்குள் அடுத்த பேருக்குப் போய்விடுவார்கள். அப்படிப்பட்டவன் மைதானத்தில் பந்து உயரமாக வந்தால் "விடு, எனக்கு!" என்று கத்துவான் பார், ஒரு எழுத்து சறுக்காது. அந்த இரண்டு சொல்லில்தான் அவனுக்குப் பேச்சே வந்தது. அதற்குப் பிறகுதான் சிநேகிதர்கள் வந்தார்கள், குளிர்பதனக் கிடங்கில் வேலை வந்தது, கிடங்கின் அணியில் பின்வரிசையில் இடம் வந்தது, மேட்ச் பார்க்க வந்த இடத்தில் உன் அண்ணியும் வந்தாள். 'சுவரு' என்று பேர் வைத்தார்கள். கோப்பை ஜெயித்த வருஷம் அவன் படத்தைப் பெரிதாகப் போட்டு, 'சுவர் இருந்தால்தான் சித்திரம்' என்று கிடங்கு வாசலில் பேனர் கட்டினார்கள். நானும் அதன் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். அந்தப் பழமொழி உடம்பைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்வது என்று அன்றைக்கு அங்கே யாருக்கும் தோன்றவில்லை, தமிழ்ப் பாடம் எடுத்த எனக்கும் தோன்றவில்லை.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன், மனதைத் திடப்படுத்திக்கொள். அவன் மறதிக்காரன் என்று நாம் கேலி செய்வோமே, அது கேலியைத் தாண்டிவிட்டது. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு லாரி முழுக்கச் சரக்கு ஏற்றியிருக்கிறான், ஃபோர்க்லிஃப்ட்டில் ஒரு அடுக்குகூடச் சாயாமல், வழக்கம்போல் கச்சிதமாக. தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் லாரி நிறைய சரக்கு நிற்கிறது. வெளியூரிலிருந்து வந்த லோடு என்று நினைத்து, அத்தனையையும் அதே கச்சிதத்தோடு இறக்கி உள்ளே அடுக்கிவிட்டான். கூட இருந்தவர்கள் "என்னண்ணே, ஏத்தக் கூலி தனி, இறக்கக் கூலி தனியா?" என்று சிரித்திருக்கிறார்கள். இவனும் சேர்ந்து சிரித்திருக்கிறான், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமலே. அங்கே சூப்பர்வைசராக இருப்பவன் இவர்கள் அணியில் கோல் கீப்பராக இருந்தானே, அவன்தான் விஷயத்தை மேலே போகவிடாமல் பார்த்துக்கொண்டு, இவனை வண்டியிலிருந்து இறக்கி வாசலில் டோக்கன் கொடுக்க உட்கார வைத்தான். அதைவிடக் கஷ்டம் கோபம். குழாயை மூடினீங்களா என்று அண்ணி கேட்டதற்குக் கையில் இருந்த சொம்பைச் சுவரில் வீசி அடித்தான். வீசிய மறு நிமிஷம் அவளிடமே போய் "யார் இதை இப்படி நசுக்கினது?" என்று கேட்டானாம். அவள் மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வருகிறவள். "மாமா, அவர் கத்தினாக்கூடப் பொறுத்துக்குவேன், அந்தக் கேள்வியைத்தான் தாங்க முடியல" என்று என்னிடம் சொன்னாள். அந்த வாரமே இருவரையும் இங்கே வந்து இருக்கச் சொல்லிவிட்டோம். உன் பழைய அறைதான் இப்போது அவர்களுடையது.

டாக்டரிடம் நானும் கூடப் போனேன். பொறுமையான அம்மா. தலையில எப்பவாவது அடி பட்டிருக்கா என்று கேட்டார். உன் அண்ணன் தயங்காமல் இல்லை என்றான். அண்ணி திகைத்துப்போய், ஃபுட்பால் ஆடினதைச் சொல்லுங்க என்றாள். "அதுல பந்துதானே பட்டுச்சு, அடி எங்க பட்டுச்சு?" என்று அவளைத் திருப்பிக் கேட்டான். அவன் பொய் சொல்லவில்லை கண்ணு. அவர்கள் பேச்சில் அடி என்றால் எலும்பு முறிய வேண்டும், இல்லை ரத்தம் வர வேண்டும். மற்றதெல்லாம் 'பட்டது'. பந்து பட்டது, முழங்கை பட்டது, கம்பம் பட்டது, தலையில் தலை பட்டது. பட்டதெல்லாம் கணக்கில் வராது. டாக்டருக்கு அது புரிந்துவிட்டது போல, சரி, பந்து பட்டு எப்பவாவது கண்ணு இருட்டியிருக்கா என்று மாற்றிக் கேட்டார். "அது எல்லாருக்கும் இருட்டும்ல, டாக்டர்" என்றான் இவன், ஏதோ வெயிலில் வியர்ப்பதைச் சொல்வது மாதிரி. டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ஸ்கேன் எல்லாம் எடுத்த பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. இது ஆட்டத்தினால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாதாம், இவனோடு ஆடியவர்கள் பலர் நன்றாகத்தான் இருக்கிறார்கள், ஓடி ஆடினதால் அவர்கள் இதயத்துக்கு நல்லதுதான் நடந்திருக்கும். ஆனால் தலைக்குள் மூளை குலுங்குவது வெளியே தெரியாது, டிபன் டப்பாவில் வைத்த முட்டை டப்பா நசுங்காமலே உடைகிற மாதிரி. ஒரு முறை குலுங்கியது ஆறுவதற்குள் இன்னொரு முறை குலுங்கினால்தான் பெரிய ஆபத்து என்றார். போனது திரும்புமா என்று அண்ணி கேட்டாள். இருக்கிறதைக் காப்பாத்தப் பார்க்கலாம் என்றார். வெளியே வந்ததும் உன் அண்ணன், "டாக்டர் நல்ல மாதிரிப்பா, ஒண்ணுமில்லன்னுட்டாங்க" என்றான்.

போன வாரம் கோல் கீப்பர் வீட்டுக்கு வந்திருந்தான். முன்னெல்லாம் ஞாயிற்றுக்கிழமை என்றால் நம் வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது, இப்போது வருகிறவன் இவன் ஒருவன்தான். மற்றவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், ஆட்டம் போனால் ஆட்டத்தோடு வந்தவர்களும் போவார்கள், அவரவருக்குக் குடும்பம் இருக்கிறது. கீப்பர் கேட்டுக்கொண்டதற்காக உன் அண்ணன் அந்தக் கோப்பை மேட்சைச் சொன்னான். கடைசி நிமிஷத்தில் கீப்பரையே தாண்டிவிட்ட பந்தைக் கோட்டில் நின்று தலையால் தடுத்துவிட்டு, கம்பத்தில் மோதி விழுந்து எழுந்து, எப்போதும்போல் கையைத் தூக்கி 'ஒண்ணுமில்ல' என்று காட்டினானே, அதை. ஒரு விவரம் பிசகவில்லை. யார் பந்தை உதைத்தது, எந்தப் பக்கம் வெயில், எல்லாம். சொல்லி முடித்து உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தவன் கீப்பரைப் பார்த்து, "டேய், எப்படா வந்த? சொல்லவே இல்ல!" என்று கட்டிக்கொண்டான். அந்தப் பிள்ளை ஒரு கணம்கூட யோசிக்கவில்லை, "இப்பத்தான் சுவரு, உள்ள காலெடுத்து வெச்சேன், நீ நிக்கிறே" என்று சொல்லிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து நலம் விசாரித்தான். போகும்போது வாசலில் செருப்பை மாட்டியபடியே, "சார், உயரமா வந்த பந்து எல்லாத்துக்கும் 'சுவருக்கு விடு'ன்னுதான் நாங்க கத்துவோம்" என்றான். அவன் தோளைத் தட்டி அனுப்பிவைத்தேன்.

இனி நேற்று நீ போனில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன், இத்தனையும் அதற்காகத்தான் எழுதினேன். பேத்தி தலையில் பந்து வேகமாக வந்து பட்டதையும், அவள் விழுந்து எழுந்ததையும், கையைத் தூக்கிக் காட்டியதையும், எல்லாரும் கை தட்டியதையும் நீ எவ்வளவு பெருமையாகச் சொன்னாய். "அப்படியே மாமா மாதிரிப்பா" என்றாய். பயிற்சியாளர் கேட்டாராம், நல்லாயிருக்கேன் என்றாளாம், மிச்ச ஆட்டத்தையும் ஆடினாளாம், இந்தச் சனிக்கிழமை அரையிறுதியாம். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த உன் அண்ணன் தொடையில் தட்டிச் சிரித்தான், நம்ம வீட்டுப் பொண்ணு என்றான். நீ போனை வைத்த பிறகு சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பிறகு என்னிடம், இந்த மாதங்களில் நான் கேட்காத தெளிவோடு, ஆனால் பழையபடி திக்கித் திக்கி, ஒன்று சொன்னான். "அப்பா, அந்தக் கோப்பை மேட்ச் எனக்கு ஞா, ஞாபகமே இல்ல. பந்து வர்றது தெரியும். அப்புறம் பஸ்ஸு. யாரோ என் கால்ல இருந்து ஷூவைக் கழட்டிக்கிட்டு இருந்தாங்க. நடுவுல ஒண்ணுமே இல்லப்பா. இவனுங்க சொல்லிச் சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

அப்படியானால் எழுந்து கையைத் தூக்கியது யார், கோப்பையை வாங்கியது யார், கோப்பையோடு வந்து என் தோளில் கை போட்டுச் சிரித்தது யார். நாங்கள் எல்லோரும் தட்டினோமே, அதைக் கேட்க அவன் அங்கே இல்லை. 'ஒண்ணுமில்ல' என்று அவன் காட்டியதுதான் அன்றைக்குச் சொல்லப்பட்ட ஒரே உண்மை போலிருக்கிறது, நாங்கள் யாரும் அதை அந்த அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளவில்லை.

அவளை ஆட்டத்தைவிட்டே இழுத்துவிடு என்று சொல்ல மாட்டேன். புது ஊர், புது மொழி, அந்த அணி இல்லாவிட்டால் அவளுக்குப் பேச ஆள் இல்லை என்று நீ சொன்னது எனக்குப் புரிகிறது, திக்குவாய்ப் பிள்ளையை வளர்த்தவனுக்கு அது புரியாதா. ஆனால் இந்தச் சனிக்கிழமை வேண்டாம். அவளை ஒரு டாக்டரிடம் காட்டு, அவர் சரி என்று சொல்லும் வரைக்கும் பந்தைத் தொட வேண்டாம். அவள் அழுவாள், உன்னோடு பேச மாட்டாள், அரையிறுதி போனால் போகட்டும். மாப்பிள்ளை தலையில் அடியே படவில்லையே என்பார். பந்துதான் பட்டது என்று நீயும் நினைப்பாய். அந்தச் சொல்லை மட்டும் நம்பாதே.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் பாடம் நடத்திவிட்டு 'புரிஞ்சுதா?' என்று கேட்பேன். 'புரிஞ்சுது சார்' என்று கூரை அதிரும். அடுத்த நாள் பார்த்தால் பாதிப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. அவர்கள் பொய்யர்கள் இல்லை, அந்தக் கேள்விக்கு அந்தப் பதில்தான் வரும். கேள்வியை மாற்றினேன், நேற்று நடத்தினதை உன் சொல்லில் சொல்லு என்றேன், அதற்குப் பிறகுதான் யாருக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. 'வலிக்குதா', 'நல்லாயிருக்கியா' எல்லாம் 'புரிஞ்சுதா' ஜாதிதான்.

உன் அண்ணன் இப்போது உள்ளே உன் பள்ளிக்கூடப் பையைத் தேடிக்கொண்டிருக்கிறான், பாப்பா ஸ்கூலுக்குக் கிளம்பற நேரமாச்சே என்கிறான். அவனுக்காக ஒரு தடவை நேரில் வந்துவிட்டுப் போ, உன்னை உன் இப்போதைய வயதில் அவன் பார்த்துவிடட்டும். குளிரில் காதை மூடிக்கொள்ளாமல் வெளியே போகாதே. உன் வீட்டில் எல்லோரும் நீண்ட ஆயுளோடும் தெளிந்த நினைவோடும் இருக்க அப்பாவும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம். இன்று மாலை பேத்தி வீட்டுக்கு வந்ததும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பந்து பட்டதுக்கு அப்புறம் முதல்ல உனக்கு ஞாபகம் இருக்கிறது என்ன என்று கேள், அவளாகச் சொல்லும் வரைக்கும் நீ வாயைத் திறக்காதே.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா