கண்டல் காட்டைப் பார்க்க வருகிறோம்

ஆம்பூர்
22.1.79

அன்பு மகன் ஜெயகரனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், உன் தங்கை கிருபாவும் பாகாயத்தில் சுகம், இந்த மாதம் அவளுக்கு ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி என்பதால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், போய்விடுகிறாள். அந்த உப்புக் காற்றில் உனக்கு இருமல் வராமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஜெபம். உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அப்பா வாசலிலேயே பிரித்து, கண்ணாடி இல்லாமலே பாதியைப் படித்துவிட்டு, ‘புஷ்பம், கண்டல் காடும் சேர்த்துத்தான் சரணாலயமாம், ஒரு ஏக்கர்கூட கொறைக்கலையாம்’ என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். பிறகு உள்ளே வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். அன்றைக்குக் கேசரி கிண்டினேன், கிறிஸ்துமஸுக்கு வாங்கிய ரவை நீ வராததால் அப்படியே இருந்தது.

நவம்பரில் நீ எழுதியிருந்த கடிதம் என் மனதைவிட்டுப் போகவே இல்லை. ஆம்பூர்த் தோல் வியாபாரிகள் எல்லாரும் சேர்ந்து ஆட்சேபம் கொடுத்திருக்கிறார்கள், தோல் பதனிட வாங்குகிற கண்டல் மரப் பட்டை நின்றுபோனால் தொழில் படுத்துவிடும் என்று எழுதியிருக்கிறார்கள், கலெக்டர் விசாரணைக்குள் வாபஸ் வாங்காவிட்டால் பறவைகள் இறங்கும் மணல் திட்டை மட்டும் சரணாலயமாக்கி, உப்பங்கழிக் கண்டல் காட்டை வெளியே விட்டுவிடுவார்கள் என்றாய். சொந்த ஊர்க்காரர்களே குறுக்கே நிற்கிறார்களே என்று வருத்தப்பட்டாய். இப்போது அவர்கள் ஏன் வாபஸ் வாங்கினார்கள் என்று தெரியவில்லை என்கிறாய். எனக்குத் தெரியும். காரியம் முடியும்வரை உனக்கு எழுத வேண்டாம் என்று நானும் அப்பாவும் பேசி வைத்திருந்தோம், வனத்துறை உத்தியோகத்தில் இருக்கிற பிள்ளை அம்மாவைத் தூது விட்டான் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது பார்.

அந்த ஆட்சேபத்தில் முதல் கையெழுத்து நம் பின்தெரு நயீம் அகமது பாயுடையது. அவர் போட்டால் மற்ற டேனரிக்காரர்களும் போட்டுவிடுவார்கள், அதுதான் இங்கே வழக்கம். உன் கடிதம் வந்த மறுநாளே அவருடைய டேனரிக்குப் போனேன். நான் செய்த தப்பு, பக்ரீத் முடிந்த வாரம் அது என்பதை யோசிக்கவே இல்லை. லாரி லாரியாக ஆட்டுத்தோல் வந்து இறங்குகிறது, உப்புப் போடுகிறவர்களுக்குத் தலை நிமிர நேரமில்லை, நான் குடையும் கையுமாக நடுமுற்றத்தில் நிற்கிறேன். நயீம் பாய் என்னைப் பார்த்ததும், ‘இன்னா டீச்சர், இந்தத் தடவை சர்ச் கூரைக்கா, ஸ்கூல் பெஞ்சுக்கா’ என்று மேஜை டிராயரைத் திறந்தார். சந்தாவுக்கு வரவில்லை, ஒரு காட்டுக்காக வந்தேன் என்று விஷயத்தைச் சொன்னேன். அவர் டிராயரை மூடிவிட்டார். ‘மரத்துக்கு நீங்க பேச வந்துட்டீங்க, இங்க கெடக்குற தோலுக்கு யாரு பேசுறது? பட்டை கம்மியாச்சுன்னா எல்லாம் அழுகிப் போயிடும் டீச்சர், பேஜாராயிடும்’ என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கண்டல் பட்டையை இங்கே கொண்டுவந்து விற்கிற காண்டிராக்டர் பக்ரீத்துக்கு முந்தின வாரமாகப் பார்த்து வந்து, இனிமேல் பட்டை வராது என்று பயமுறுத்திக் கையெழுத்து வாங்கியிருக்கிறான். அந்த நேரத்தில் எந்த டேனரிக்காரரும் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவார். நான் வெறுங்கையோடு திரும்பிவிட்டேன், அப்பா காபி போட்டுக் கொடுத்தார்.

கணக்கு வராத பிள்ளையிடம் பசி நேரத்தில் கணக்குப் போடச் சொல்லக் கூடாது என்று முப்பது வருஷம் மற்ற டீச்சர்களுக்குச் சொன்னவள் நான், எனக்கே மறந்துபோயிற்று. சரக்கெல்லாம் தொட்டிக்குள் இறங்கட்டும் என்று காத்திருந்து, டிசம்பர் முதல் வாரத்தில் அவர்கள் வீட்டுக்கே போனேன். அவர் மனைவி பில்கிஸ் சேமியா கொண்டுவந்து வைத்தாள். இந்த முறை நான் காட்டைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. போன வருஷம் நீ படகில் கூட்டிப்போய்க் காட்டியதையெல்லாம் கதையாகச் சொன்னேன், சேற்றில் விரல் ஊன்றி நிற்கிற மாதிரி வேர்கள், அதற்குள் இறால் குஞ்சுகள், கரையில் வழுக்கி வழுக்கி விளையாடிய நீர்நாய்க் குட்டிகள். பில்கிஸ் நீர்நாய் என்றால் கடிக்குமா என்று கேட்டாள். பிறகு, பட்டை உரித்த இடத்தில் மரங்கள் எலும்பு மாதிரி வரிசையாக நின்றதையும் சொன்னேன். நயீம் பாய் சேமியாக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, ‘நிக்கட்டுமே, அடுத்த மழைக்குத் தழைக்குமில்ல’ என்றார். தழைக்காது, சுற்றிலும் உரித்துவிட்டால் அந்த மரம் செத்ததுதான், வெட்டினாலும் அடியிலிருந்து துளிர்க்காது என்று என் மகன் சொன்னான் என்றேன். அவருக்கு முகமே மாறிவிட்டது.

ஜெயகரா, அவர் நினைத்திருந்தது என்ன தெரியுமா, கண்டலும் ஆவாரை மாதிரி என்று. இங்கே காலங்காலமாக ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்ட ஜனங்கள், ஆவாரையை வெட்ட வெட்ட அது மழைக்குப் பிறகு இன்னும் அடர்த்தியாகக் கிளம்பும், அதனால் பட்டை என்றாலே திரும்ப வருகிற பொருள் என்றுதான் எல்லாரும் இருந்திருக்கிறார்கள். ‘அப்ப வருசா வருசம் வந்தது அதே மரத்துப் பட்டை இல்லியா’ என்று கேட்டார். வருஷா வருஷம் வேறு காடு என்றேன். அப்புறம், ‘தோலை உரிச்சிட்டு ஆட்டை மேய வுடறேன்னு சொன்ன மாதிரி ஆச்சு நம்ம கதை’ என்று தானே சிரித்தார். பில்கிஸ், ‘கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கேட்டிருக்கலாமில்ல’ என்றாள், ‘உன்னைக் கேட்டிருந்தா கல்யாணத்துலயே கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்’ என்றார் அவர்.

அந்த வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு மற்ற டேனரிக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். எளிதாக முடியவில்லையாம். சின்ன டேனரி வைத்திருக்கிற இரண்டு மூன்று பேருக்கு அந்தப் பட்டைதான் மலிவு. அவர்களுக்கு இந்த வருஷம் தன் கிடங்கிலிருந்து மலைத்தோட்டத்து வாட்டில் மரப் பட்டை தருவதாக நயீம் பாய் ஒப்புக்கொண்ட பிறகுதான் வாபஸ் கடிதத்தில் கையெழுத்து விழுந்தது. அதிலும் ஒருவர், ‘பாய், டீச்சரம்மா உங்களுக்கும் பாடம் நடத்திட்டாங்களா’ என்று கிண்டல் பண்ணினாராம். ‘நடத்தல, ஃபெயில் பண்ணிட்டாங்க’ என்று சொன்னதாக அவரே வந்து சொல்லிவிட்டுப் போனார். இப்போது டேனரியில் எல்லாரும் உன்னைப் பற்றி, நம்ம ஊர்ப் பையன் கடலோரத்துல காடு வாங்கிட்டான் என்று பேசிக்கொள்கிறார்கள், உன் பெயரில் பட்டா இருக்கிறது என்றே சிலர் நம்புகிறார்கள்.

சந்தோஷத்தோடு சந்தோஷமாக ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அங்கே பட்டை உரித்துப் பிழைத்த குடும்பங்களுக்கு இந்த வாரம் கேசரி கிண்ட மனம் வந்திருக்காது. எங்கள் பள்ளியில் புத்தக அலமாரியைப் பூட்டிச் சாவியை நான் வைத்திருந்த வருஷம் கரையான்தான் படித்தது, பிள்ளைகளிடமே சாவியைக் கொடுத்த பிறகு ஒரு புத்தகமும் காணாமல் போகவில்லை. காவலுக்கு ஆள் எடுக்கும்போது முதலில் அவர்களைக் கூப்பிடு. நண்டு பிடிக்கப் போகிற பெண்களின் வழியை அடைத்துவிடாதே. காக்கி உடுப்பில் இருக்கும்போது கொஞ்சம் மெதுவாகப் பேசு, உனக்கு அப்பாவின் குரல்.

பிப்ரவரியில் நாங்கள் வருகிறோம். நாங்கள் என்றால் நானும் அப்பாவும் மட்டும் இல்லை, நயீம் பாயும் பில்கிஸும்தான். கிருபாவுக்கு லீவு கிடைக்காது. இருபது வருஷமாகக் கண்டல் பட்டையை மூட்டையில் பார்த்திருக்கிறேன், ஒரு தடவையாவது மரத்தில் பார்க்க வேண்டாமா என்று அவர் ஒரே பிடிவாதம். கோழியை அவர்களே ஹலால் பண்ணிக் கொள்வார்கள், நீ அரிசியும் நல்ல தண்ணீரும் பார்த்துக்கொள். பெரிய படகாகச் சொல்லி வை, அப்பா ஓரத்தில் உட்கார மாட்டார்.

காலையும் மாலையும் உன் பேரைச் சொல்லி ஜெபிக்கிறோம், கர்த்தர் உன்னையும் உன் பொறுப்பில் இருக்கிற எல்லா உயிர்களையும் காக்கட்டும். தைலம் தேய்க்க மறக்காதே. இன்னொன்று, வாசலில் நிற்கிற உன் காவல்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, ஆம்பூர் டேனரிக்காரர் வந்திருக்கிறார் என்றதும் துரத்திவிடப் போகிறார்கள், அவர் எங்களோடு வருகிற விருந்தாளி.

என்றும் உன் நலம் நாடும்
அம்மா
ஜெயபுஷ்பம் கிருபானந்தம்