மை குறைவு என்றது பிரிண்டர்

மார்ச் 3, செவ்வாய்
சட்டைக் கம்பெனிக்குக் கொள்முதல் பார்க்கும் மேடம் வெள்ளிக்கிழமை என் பொத்தான் கடைக்கு வருகிறார். என் பொத்தான்கள் அத்தனைக்கும் கலர் படம் போட்டுத் தர வேண்டுமாம். பிடித்துவிட்டால் வருஷம் முழுக்க அவர்களுக்கு நம் சரக்குதான். வாடகை மூலைக்கு முழுக்கு, சொந்தக் கடை!

வீட்டுப் பிரிண்டரைப் போட்டால், மை குறைவு என்று விளக்கு சிமிட்டுகிறது. "ஏங்க, புதுசு வாங்கி மாட்டிடுங்க" என்றாள் மனைவி. யாரிடம் இந்த வியாபாரத் தந்திரம்? "இதான் கடைசி டஜன், விட்டா கிடைக்காது" என்று எத்தனை பேரிடம் நானே அடித்துவிட்டிருக்கிறேன்!

மார்ச் 4, புதன்
விளக்கு பாட்டுக்குச் சிமிட்டுகிறது, படம் பாட்டுக்குப் பளிச்சென்று வருகிறது. ஹா!

மார்ச் 5, வியாழன்
சிவப்புக் கார்ட்ரிட்ஜைக் கழற்றிப் பொத்தான் தராசில் வைத்தேன். நல்ல கனம். பாதி மை பாக்கி என்று மார்தட்டினேன்.

சாயங்காலம் போச்சு. சிவப்புப் பொத்தான் மஞ்சளாக வருது, ஊதா நீலமாகுது, ரோஜாக் கலர் காணவே காணோம்! மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான். "அத்தான், டப்பா எடையக் கழிச்சீங்களா?"

சாக்கு எடையைக் கழிக்காமல் ஒரு மூட்டை வாங்கியிருப்பேனா நான்? இதில் எப்படிக் கோட்டை விட்டேன்? மை விற்கும் கடைக்காரர் திங்கள்தான் சிவப்பு வரும் என்கிறார். போகட்டும். பசையை எடு. கெட்டுப்போன படங்களின் மேல் நிஜப் பொத்தானையே ஒட்டிவிட்டோம்.

மார்ச் 6, வெள்ளி
மேடம் பக்கத்தைத் தடவினார். "இது மட்டும் ஏன் நிஜப் பொத்தான்?"

"மை தீந்துடுச்சு மேடம்" என்று உள்ளதைச் சொன்னேன். மனைவி பின்னாலிருந்து கிள்ளினாள்.

"எல்லாரும் படம்தான் குடுக்கறாங்க. படத்த நம்பி எத்தன சட்டை வீணாச்சு தெரியுமா? மொத்தத்தையும் இப்படியே ஒட்டிக் குடுங்க. ஆர்டர் உங்களுக்குத்தான்."

நான் குதித்தேனாம். இவள் சொல்கிறாள்.

மார்ச் 9, திங்கள்
சிவப்பு வந்தது. இனி இதுதான் சட்டம்: விளக்கு சிமிட்டினால் வாங்கி வை, உறையைக் கிழிக்காதே. படத்தில் கோடு விழுந்தால், நிறம் வெளிறினால், அப்போது மாட்டு.

ஜூன் 12, வெள்ளி
புதுக் கடை ஷட்டர் ஒரே கனம். நானும் மச்சினனும் மூச்சுப் பிடித்து இடுப்பளவு தூக்குவதற்குள் இவள் குனிந்து உள்ளே போய்விட்டாள். "மேசைய இங்க போடலாங்க!" குரல் மட்டும் வருகிறது.