அந்த நாயின் வாயைத் திறந்தவளுக்கு

இன்று காலை ஆய்வகத்தில் இன்குபேட்டரைத் திறந்ததும் புளித்த ஆப்பமாவின் வாசம் வந்தது. ஒரு லாப்ரடார் நாயின் வாயிலிருந்து எடுத்த மாதிரியைப் பரப்பிய தட்டில் ஈஸ்ட் வளர்ந்திருந்தது. உடனே உன் ஞாபகம். இப்படி ஒரு தட்டைப் பார்த்து உன்னை நினைக்கிறவள் இந்தத் திருவனந்தபுரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கழக்கூட்டம் பகுதியில் நான் முன்பு குடியிருந்த அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு தெருநாய் எச்சில் ஒழுகக் கிடந்தது. கிட்டே போனால் உறுமியது. வெறி பிடித்துவிட்டது என்று ஆட்கள் கம்போடு கூடிவிட்டார்கள். நான் உனக்குப் போன் செய்தேன், உடனே வந்துவிட்டாய். பள்ளித் தோழி ஒருத்தி கால்நடை மருத்துவராக இருப்பது அன்றுதான் எனக்குப் பெரிய பாக்கியமாகத் தெரிந்தது.

"டாக்டரே, பேப்பட்டியாக்கும், வெறி பிடிச்ச பட்டி. தொடாதீங்கோ," என்றார் குடியிருப்போர் சங்கச் செயலாளர்.

"பயப்படறது நல்லதுதான் சாரே, அடிக்கறதுதான் வேண்டாம். யாரும் கிட்ட வராதீங்க. நான் வெறிநாய்த் தடுப்பூசி போட்டுக்கிட்டவளாக்கும்," என்றாய். கையுறை போட்டுக்கொண்டு, சுருக்குக் கம்பால் அதைக் கூண்டில் ஏற்றினாய். உன் குரல் ஒரு தடவைகூட உயரவில்லை.

வெறிநோய்ச் சந்தேகம் முழுதும் தீரவில்லை. ஆனால் அது பட்டினி கிடப்பதை உன்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. முகக்கவசமும் கண்ணாடியும் அணிந்து, மயக்க மருந்து கொடுத்து வாயைத் திறந்தாய். மேலண்ணத்தில் குறுக்கே ஓர் ஆட்டெலும்பு சிக்கியிருந்தது. ஒரு பல் உடைந்து, ஈறு அழுகி, நாக்கெல்லாம் வெண்படலம். எலும்பை எடுத்துவிட்டு, படலத்தைச் சுரண்டி எனக்கு அனுப்பினாய்.

மைக்ரோஸ்கோப்பில் மொட்டுவிட்ட ஈஸ்ட்கள் மொய்த்தன. "ஆளப் பிடிச்சுட்டேன்டீ!" என்று போனில் கத்தினேன்.

நீ சிரித்தாய். "ஈஸ்ட்டுக்க மேல பழி போடாத. நல்ல பட்டி வாயிலயும் அது கொஞ்சம் உண்டும். எலும்பு குத்திப் புண்ணாச்சு, அதுக்கு எடம் கிட்டிச்சு. ஈறயும் பல்லயும் பாக்காம மருந்து மட்டும் தேச்சா, திரும்பவும் வரும்லா?"

உடைந்த பல்லைப் பிடுங்கினாய், ஈறைச் சுத்தம் செய்தாய், பிறகு மருந்து தடவினாய். நாய் பிழைத்தது, வெறியும் இல்லை என்றானது. அதைவிடப் பெரிய அதிசயத்தை அதன்பின் செய்தாய். அந்தச் செயலாளரையே வரவழைத்து, விரலில் துணி சுற்றி நாய்க்குப் பல் தேய்க்கக் கற்றுக்கொடுத்தாய். "மனுசங்க பேஸ்ட் ஆகாது சாரே," என்று நீ சொல்ல, அவர் பள்ளிப் பிள்ளைபோலத் தலையாட்டினார். கம்போடு வந்ததைப் பற்றி அவரிடம் ஒரு சொல் கேட்கவில்லை நீ. அந்த நாய் இப்போது அவர் வீட்டு நாய்.

சென்ற மழைக்காலத்தில் உன் இதயம் நின்றதாகச் செய்தி வந்தபோது, உன் வீட்டு வாசலில் முதலில் அழுதபடி வந்து நின்றவர் அவர்தான்.

இன்றும் 'ஈஸ்ட் காணப்பட்டது' என்று மட்டும் எழுதி முடிக்க எனக்குக் கை வருவதில்லை. லாப்ரடாரை அனுப்பிய இளம் டாக்டரை அழைத்து, "பல்லெல்லாம் பாத்தேளா?" என்று கேட்டேன். சற்று நேரத்தில் அவளே திரும்ப அழைத்தாள். கடைவாய்ப் பல்லின் அடியில் சீழ் கட்டியிருக்கிறதாம்.

"எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?" என்றாள். உன் பெயரைச் சொன்னேன்.